கைப் பூத்தையலை வாங்குவதும் அனுபவிப்பதும்



கடன் தவணையையும் கணக்குப் புத்தகத்தையும் பற்றியே பேசும் இன்ஸ்பெக்டர், இன்று பூத்தையலைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். பணத்தைச் சேர்ப்பதற்கு அறிவு வேண்டுவது போலவே, அதைச் செலவிடுவதற்கும் அறிவு வேண்டும். கையால் தைத்த பொருளைப் பார்க்கத் தெரிந்து வாங்கினால், வாங்கினவருக்கு ஆனந்தம், தைத்தவருக்கு ஜீவனம். தெரியாமல் வாங்கினால் இருவருக்கும் நஷ்டம். போலிச் சரக்கு விற்பவனுக்கே லாபம்.

இதற்கு உதாரணமாக நீலகிரியில் வாழும் தோடர்களின் பூத்தையலை எடுத்துக்கொள்வோம். தோடர் மிகச் சிறிய கூட்டத்தார். சுமார் 2,000 பேரே உள்ளனர். எருமை வளர்ப்பு அவர்களுடைய பூர்வீகத் தொழில். ஆண் பெண் இருபாலாரும் போர்த்துக்கொள்ளும் ‘பூத்துக்குளி’ என்னும் வெள்ளைப் பருத்திப் போர்வையில், அவர்களுடைய பெண்கள் சிவப்பு, கறுப்பு நூல்களால் வேலை செய்கிறார்கள். துணியின்மேல் முன்னதாகக் கோடு வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டுவதுமில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை ஓட்டுகிறார்கள். எண்ணிக்கை தவறினால் கோலம் கோணிவிடும். எருமைக் கொம்பு, மலை, மலர் முதலிய வடிவங்கள் அவர்கள் அன்றாடம் காண்பவை. இறந்தோரைப் போர்த்துவதற்கும் இப்போர்வையே வழங்குவதால், இதை வெறும் அலங்காரம் என்று எண்ணுதல் கூடாது.

2013-ஆம் ஆண்டில் இவ்வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பிறர் செய்த சரக்கைத் தோடர் தையல் என்ற பெயரால் விற்பதற்குச் சட்டம் இடங்கொடாது. ஆயினும் சட்டம் ஒவ்வொரு கடை வாசலிலும் வந்து நிற்காது. வாங்குவோர் கண்ணே காவல்.

ஆகவே, முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்த துணியாயின் பின்புறத்தில் தையலே இராது. இயந்திரத் தையலாயின் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று பூட்டி நிற்கும். ஒவ்வொரு பூவும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாயிருக்கும். தோடர் வேலையோ இருபுறமும் உபயோகிக்கத்தக்கது. நூல் சற்றே தூக்கி நிற்கும் சொரசொரப்பான புறத்தையே அவர்கள் வெளிப்புறமாகக் கொள்வர். விரலால் தடவினாலே வேற்றுமை புலப்படும்.

அடுத்தபடியாக விலை. தைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டறிந்து, பிறகு பேசுங்கள். கணக்கிற்காக ஒன்று சொல்லுகிறேன். ஒரு போர்வை 4,000 ரூபாய் என்றும், துணிக்கும் நூலுக்கும் 1,000 ரூபாய் என்றும், வேலை 20 நாள் என்றும் வைத்துக்கொள்வோம். நாட்கூலி 150 ரூபாய் ஆகிறது. நாம் பேரம் பேசி 1,000 ரூபாய் குறைத்தால் நூலின் விலை குறையாது. கூலியே 100 ரூபாயாகக் குறையும். விலையில் கால் பங்கு குறைத்ததாக நாம் மகிழ்கிறோம். அப்பெண்ணின் கூலியிலோ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இவ்விதம் சில வருஷம் நடந்தால், அவள் மகள் ஊசியைக் கையில் எடுப்பாளா? யோசித்துப் பாருங்கள்.

இதற்காகக் கடன் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒருபோதும் வாங்காதீர்கள். சேமிப்பில் மிஞ்சியதைக் கொண்டு வருஷத்திற்கு ஒரு சிறு பையோ மேஜை விரிப்போ வாங்கினால் போதும். கூடுமானால் தைப்பவர்களிடமோ அவர்களுடைய சங்கத்திடமோ நேரே வாங்குங்கள். பத்துப் பேர் சேர்ந்து முன்னதாகச் சொல்லி வைத்தால், அவர்களுக்கு வேலை நிச்சயமாகும்.

வாங்கியதைப் பெட்டியில் பூட்டி வைப்பது அனுபவிப்பதாகாது. உபயோகியுங்கள். குளிர்ந்த நீரில் தனியே அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்துங்கள். மடிப்பை அவ்வப்போது மாற்றி வையுங்கள். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் வாங்கிய ஊர், வடிவத்தின் பெயர், தைத்த நாட்கள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஓய்வு நேரத்தில் குழந்தைகளை அருகிலிருத்தி, ஒரு கொம்பு வடிவத்திற்கு எத்தனை இழை என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தொடங்கிய குழந்தை, பிறர் கையுழைப்பை மலிவாய் மதிக்காது.