‘இதற்கு மேல் சுருங்காது’



கணித ஆசிரியர் மாநாட்டின் தலைமை உரைக்கென்று பெரிய பொருளாகத் தேடுவது வழக்கம். நான் ஆறாம் வகுப்புப் பாடம் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: மீப்பெரு பொதுக் காரணியைக் கொண்டு பின்னத்தைச் சுருக்குவது.

221/323 என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் 2-ஆல் போகுமா என்று பார்ப்பார்கள், போகாது. 3, 5, 7, 11 எதுவும் போகாது. விடாப்பிடியான பிள்ளை 13 வரை வரும். 221 போகும், 323 போகாது. அத்தோடு அலுத்துப்போய் ‘இதற்கு மேல் சுருங்காது’ என்று எழுதி வைத்துவிடும். அதைக் குறை சொல்ல முடியுமா? காரணிப்படுத்தினால்தான் மீ.பெ.கா. கிடைக்கும் என்று பழக்கியது நாம்தானே!

இப்போது பெரியதில் சிறியதைக் கழியுங்கள். 323-இல் 221 போக 102. திரும்பத் திரும்பக் கழிப்பதற்குப் பதில் 221-ஐ 102-ஆல் வகுத்தால் மீதி 17. 102-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக, 17தான் மீ.பெ.கா.; பின்னம் 13/19. இதில் ஊகம் எதுவும் இல்லை. இரண்டு எண்களையும் வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும். முறை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் ஏழாம் பகுதியைத் தொடங்குவதே இந்த முறையில்தான். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது சீனரின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற பழைய கணித நூல். நிலம் அளக்கும் முதல் அத்தியாயத்திலேயே, பின்னம் சுருக்குவதற்கென்றே இதைச் சொல்கிறார்கள். இரண்டும் இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. இல்லையேல் மாறி மாறிக் கழி, இரண்டும் சமமாகும் வரை. அவர்கள் தரும் கணக்கு 49/91. கழித்துக்கொண்டே வந்தால் 7-இல் நிற்கும், விடை 7/13. 91-ஐப் பகா எண் என்று நினைத்து ஏமாறும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு உண்டா?

பின்னம் சுருக்குவது நமக்கும் புதிதல்ல. நம் பழைய கணக்கில் முந்திரி என்பது 1/320, காணி 1/80. பன்னிரண்டு முந்திரியை முக்காணி என்று சொன்ன கணக்குப்பிள்ளை, 12/320-ஐ 3/80 ஆக்கியதைத் தனி வேலையாக நினைத்திருக்கமாட்டார்.

யூக்ளிடின் முறையில் வகுத்துக்கொண்டே போனால் எங்கே முடியும் என்ற அச்சம் வேண்டாம். சிறிய எண்ணில் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுக்க நேராது என்று 1844-இல் கணிதவியலாளர் லாமே நிறுவிவிட்டார்.

12/18-க்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, கண்பார்வையே போதும். 48/72-ஐ 24/36, 12/18, 6/9, 2/3 என்று படிப்படியாக இறக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வகுத்த எண்களைப் பெருக்கிப் பாருங்கள்: 2, 2, 2, 3. அதே மீ.பெ.கா. 24 தான்! ஆனால் 16/64-இல் இரண்டு 6-களையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதுவதை மட்டும் விடக்கூடாது. விடை சரியாக இருப்பதே அங்கே ஆபத்து.

யூக்ளிடின் வழிமுறையைப் பின்னம் சுருக்குவதோடு சேர்த்து நாம் கற்பிப்பது குறைவு. அதனால் பின்னத்தோடு அதற்குள்ள உறவு பிள்ளைகளுக்குப் புலப்படுவதில்லை. கழித்தல் வடிவிலாவது அதை ஆறாம் வகுப்பின் பின்னப் பாடத்துக்குக் கொண்டுவர முடியுமா, அங்கே எந்த அளவு எண்களோடு நிறுத்திக்கொள்வது என்பதைப் பிற்பகல் அமர்வு விவாதிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.