"ஹைனெஸ்" என்றால் எவ்வளவு உயரம்?
(புதுக்கோட்டையில் செய்த சொற்பொழிவு)



இவ்வூர் ராஜாவை இங்கிலீஷில் "ஹிஸ் ஹைனெஸ்" என்று எழுதி வந்தார்கள். "ஹைனெஸ்" என்றால் உயர்வு என்று அர்த்தம். எதில் உயர்வு? அறிவிலா, குணத்திலா, குடிகளுக்குச் செய்த நன்மையிலா? ஒன்றிலுமில்லை. பீரங்கி வெடியில்! வெள்ளைக்கார சர்க்கார் எந்த ராஜாவுக்கு மரியாதையாக 11 வெடிக்குக் குறையாமல் போட்டதோ அவர் "ஹைனெஸ்". புதுக்கோட்டைக்குச் சரியாக 11, மயிரிழையில் தப்பிற்று. (ஐதராபாத் நிஜாமுக்கோ 1918-ல் "எக்ஸால்டட்" என்று மேலும் ஒரு ஒட்டுப் போட்டார்கள். யுத்தத்திற்குப் பணம் கொடுத்தவரல்லவா!)

சரி, அந்த உயர்வாவது வீட்டுக்குள் செல்லுபடியாயிற்றா? மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் மாலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். புருஷன் "ஹைனெஸ்", பெண்ஜாதியை அப்படியழைக்க சர்க்கார் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பிள்ளைக்கும் பட்டமில்லை. ஒரே மேஜையில் சாப்பிடுகிற இருவரில் ஒருவர் உயரம், ஒருவர் மட்டமாம்! வெள்ளைக்காரி கறுப்பரைக் கட்டியது பொறுக்கவில்லை. ஜாதியாசாரம் லண்டனிலும் உண்டு போலும்.

1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-வது திருத்தம் ராஜாக்களின் அங்கீகாரத்தையே எடுத்துவிட்டது. அந்த அரண்மனையில் இன்று கலெக்டர் கச்சேரி நடக்கிறது. அங்கே மனுக் கொடுக்கப்போகும் நம் தோழர் முதல் வரியில் என்ன எழுதுகிறார்? "உயர்திரு கலெக்டர் அவர்கள் சமூகத்திற்கு" என்று! "ஹைனெஸ்" தமிழ் வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. கலெக்டர் நல்லவராயிருக்கலாம், அது வேறு. எழுதுகிறவர் எந்தப் பள்ளத்தில் நின்று எழுதுகிறார் என்றுதான் கேட்கிறேன்.