விடுதிச் செலவும் கடனட்டைச் சலுகையும்

குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் சென்று விடுதியில் தங்கி வருதல் செல்வர்க்கு மாத்திரம் உரிய இன்பம் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று மாதச் சம்பளம் பெறும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தாதியரும் நுவரெலியாவிலும் பாசிக்குடாவிலும் அறை எடுத்துத் தங்குகின்றனர். அவர்களுட் பலருக்குத் துணை நிற்பது கடனட்டை. “எமது அட்டைக்கு இவ்விடுதியில் 25 வீதக் கழிவு” என்னும் வங்கி விளம்பரங்கள் நாள்தோறும் கண்ணிற் படுகின்றன. அக்கழிவு உண்மையில் எவ்வளவு மிச்சந் தருகின்றது, எப்பொழுது அம்மிச்சமே கடனாக மாறுகின்றது என்பவற்றைச் சிறிது ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

கடனட்டைக்கும் பயணத்துக்கும் உள்ள உறவு பழையது. 1950ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டை, உணவுச்சாலைகளிற் கையிற் பணமின்றி உண்பதற்கென்றே தோன்றியது. 1958இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகளை மனத்திற்கொண்டு தன் அட்டையை வெளியிட்டது. ஆகவே விடுதிக்காரரும் அட்டைக்காரரும் கைகோத்தமை நேற்று நிகழ்ந்த செய்தியன்று.

அவர்கள் நமக்கு ஏன் விலை குறைக்கின்றனர்? அரிசி வியாபாரி இன்று விலைபோகாத மூடையை நாளை விற்கலாம். விடுதிக்காரரோ இன்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. அந்த இரவு போயிற்று என்றால் போனதுதான். எனவே வெறும் அறைக்குக் கிடைக்கும் முக்காற் பங்கு விலையும் அவருக்கு இலாபமே. 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளும் பின்வந்த பெருந்தொற்றும் அத்தொகையை 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவாக்கின. அக்காலத்தில் விடுதிகளுக்கு உள்ளூர்க் குடும்பங்களின் அருமை நன்கு புலப்பட்டது. வங்கிக்கும் இதில் ஊதியம் உண்டு. நாம் அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் விடுதி வங்கிக்கு ஒரு சிறு தரகு கொடுக்கின்றது; நாம் கணக்கை முழுதாகத் தீர்க்கத் தவறின் வட்டியும் வந்து சேர்கின்றது. இவ்விருவரின் நோக்கத்தையும் அறிந்தவரே சலுகையைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்த வல்லவர்.

முதலிற் கவனிக்கவேண்டியது காலம். அறைகள் தாமாகவே நிரம்பும் நாட்களிற் கழிவு இராது. சித்திரைப் புத்தாண்டு, நத்தார், நீண்ட வார இறுதி ஆகிய நாட்களை நிபந்தனைகளில் விலக்கி வைத்திருப்பர். நுவரெலியாவுக்கு ஏப்பிரல் மாதமும், கண்டிக்குப் பெரஹராக் காலமும், யாழ்ப்பாணத்துக்கு நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் நெருக்கடியானவை. பாடசாலை விடுமுறையும் இந்நாட்களோடு பெரும்பாலும் ஒன்றி வருவதால், ஆசிரியரும் பிள்ளைகளும் ஓய்வாயிருக்கும் போதே அறைவிலை உச்சத்தில் நிற்கின்றது. இதற்கு ஒரு வழி உண்டு. நம் நாட்டிற்கு இரண்டு பருவக்காற்றுகள் உள்ளமையால் இரு கரைகளிலும் ஒருங்கே நெருக்கடி ஏற்படுவதில்லை. கிழக்கே திருகோணமலையும் அறுகம்பையும் மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை நிரம்பியிருக்க, அதே வேளையில் பெந்தோட்டை, ஹிக்கடுவ முதலிய தென்மேற்குக் கரை விடுதிகள் ஆள் தேடும். ஓகஸ்ட் விடுமுறையில் அப்பக்கஞ் செல்வோருக்கு நல்ல கழிவு கிடைக்கலாம். ஆனால் அப்போது கடல் கொந்தளிப்பாயிருக்கும், பிள்ளைகளைக் கடலில் இறங்கவிடலாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

அடுத்தது விலை. 25 வீதம் என்றவுடன், எதிலிருந்து 25 வீதம் என்று கேட்டல் வேண்டும். ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 32,000 ரூபா என விடுதி குறித்திருக்கின்றது என்று கொள்வோம். கழிவு போக 24,000 ரூபா. அத்தொகையிற் சேவைக் கட்டணமும் வரியும் அடங்காவிடின், 10 வீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 26,400 ரூபா ஆகும். 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி அதன்மேல் ஏறும்போது 31,152 ரூபா ஆகும். நாம் பெற்றதாக எண்ணிய கழிவிற் பெரும்பகுதி இவ்வாறு கரைந்துபோகின்றது. அதே அறை இணையத்தள முகவரிடம் வரிகளெல்லாம் உட்பட 28,000 ரூபாவுக்குக் கிடைக்குமாயின், அட்டையின்றி எடுப்பதே இலாபம். ஆகவே வரிகள் யாவும் அடங்கிய இறுதித் தொகையையே ஒன்றோடொன்று ஒப்பிடுக. உள்நாட்டவர் கட்டணம் தனியே உண்டா, காலையுணவு மாத்திரமா, இரவுணவும் சேர்ந்ததா, பிள்ளைகளுக்கு எவ்வயது வரை கட்டணமில்லை என்பனவற்றையும் கேட்டறிக.

பதிவுசெய்யும் முறையும் முக்கியமானது. பல சலுகைகள் விடுதியோடு நேரே தொடர்புகொண்டு, அட்டையின் பெயரை முன்னரே சொல்லிப் பதிவுசெய்வோருக்கே உரியன. முற்பணத்தை வேறு வழியாற் செலுத்தினால் அப்பகுதிக்குக் கழிவில்லாமற் போகலாம். ஒப்புக்கொண்ட தொகையை எழுத்திற் பெற்றுக்கொள்ளல் நன்று. தொலைபேசியில் எவர் கேட்பினும் அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களையோ, வங்கி அனுப்பும் இரகசிய எண்ணையோ சொல்லவேண்டாம்.

இனி எல்லாவற்றிலும் பெரிய விடயத்துக்கு வருவோம். 75,000 ரூபாச் செலவில் 20 வீதக் கழிவால் 15,000 ரூபா மிச்சம் பிடித்த ஒருவர், மிகுதி 60,000 ரூபாவை வங்கி குறித்த தினத்துள் முழுதாகச் செலுத்தினால் வட்டியில்லை, அம்மிச்சம் அவருடையது. செலுத்தாது ஓராண்டு விட்டால், மாதம் 2 வீத வட்டியென்று வைத்துக்கொண்டாலும், வட்டி மாத்திரம் 16,000 ரூபாவைத் தாண்டும். பெற்ற கழிவைக் கொடுத்த வட்டி விழுங்கிவிடும். உண்மை வட்டி இதனிலும் கூடுதலாயிருத்தல் கூடும். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு விதித்த மேலெல்லையே ஆண்டுக்கு 28 வீதமாயிருந்தது. கணக்குக் கூற்றிற் காணும் ஆகக் குறைந்த தொகையை மாத்திரம் கட்டி வருவோர் தண்டப் பணத்திலிருந்து தப்புவர், வட்டியிலிருந்து தப்பார். மேலும், பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் மருந்துக்கும் அரிசிக்குங்கூட வட்டியில்லா நாட்கள் கிடையாமற் போகும்.

வட்டியில்லாத் தவணை என்னும் ஏற்பாடு ஓரளவு நல்லது. எனினும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, கழிவும் தவணையும் ஒருங்கே கிடைக்குமா என்று வங்கியிடம் கேட்டுத் தெளிதல் அவசியம். ஒரு தவணை தவறினாலும் வட்டி தொடங்கலாம். இரண்டு நாள் மகிழ்ச்சிக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஈடு வைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆதலால் சிறந்த முறை யாதெனின், பயணத்துக்கு ஆறு மாதத்தின் முன்பே மாதந்தோறும் 10,000 ரூபா வீதம் ஒதுக்கிச் சேமித்து, அப்பணம் கையிலிருக்கும்போது அட்டையை நீட்டிக் கழிவைப் பெற்று, வீடு திரும்பிய வாரமே கணக்கைத் தீர்த்துவிடுதலாகும். அப்போது வங்கியின் வட்டிக்கு நாம் இலக்காவதில்லை. விடுதியின் வெறும் அறையும் நிரம்புகின்றது. நம் பிள்ளைகளும் நாட்டின் ஒரு புதிய மூலையைக் காண்கின்றனர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். கழிவு கிடைக்கின்றது என்பதற்காகப் பயணம் போகாது, போகத் தீர்மானித்த பயணத்துக்குக் கழிவைத் தேடுவோமாக. உழைத்துக் களைத்த குடும்பத்துக்கு ஓய்வு வேண்டியதே. அவ்வோய்வு முடிந்து வந்தபின் அடுத்த மாதக் கணக்குக் கூற்றை அச்சமின்றிப் பிரித்துப் படிக்கவும் முடிதல் வேண்டும்.