ஏணியில் ஏறுமுன்

(அம்பாங்கானில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்தது ரப்பரைப் பற்றியதன்று. ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழிலைப் பற்றியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரிக்கிறார். ஐயா, தங்கள் பேரன் என்ன வேலை செய்கிறான் என்பது எனக்குத் தெரியும்! தோட்டத்தை விட்டுச் சிரம்பானுக்குப் போன நம் பிள்ளைகளில் பலர் இன்று ஏர்கோன் கழுவுகிறார்கள். ஐஸ் பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் பழுது பார்க்கிறார்கள். நல்ல தொழில்தான். அதை நான் குறைகூற வரவில்லை.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. இரண்டாம் மாடியில் ஏர்கோன் மாட்டும்போது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "கிராணி ஐயா, சொக்சோவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்றார். எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தான்? தெரியாது. சம்பளச் சீட்டு? கிடையாது. சனிக்கிழமை தோறும் கையில் காசு. அவனை வேலைக்கு வைத்திருந்த முதலாளி யார் தெரியுமா? அதே லயத்தில் பிறந்து வளர்ந்த பையன். தகப்பன் சேமநிதிப் பணத்தில் வேனும் சாமானும் வாங்கித் தொழில் தொடங்கியவன். அவனைக் கேட்டேன். "அண்ணன் தம்பி போல இருந்தோம், எதற்குப் பதிவு என்று விட்டுவிட்டேன்" என்றான்.

தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? "நீங்களெல்லாம் என் பிள்ளைகள் மாதிரி" என்று துரைமார் சொன்னதை நம் தாத்தாக்கள் கேட்கவில்லையா? அந்த அன்பை நம்பி ஏமாந்தபின்தானே எழுத்தில் உரிமை கேட்டோம்! 1952-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1969-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971-ல் சொக்சோ தொடங்கியது. இன்று நம் பிள்ளையே முதலாளி. அவன் செக்ரோலில் பெயர் ஏற்றாமல் ஆள் வைக்கிறான்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரே ஓர் ஆளை வைத்தாலும் 30 நாளுக்குள் சொக்சோவில் பதிய வேண்டும். முதலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 1.75. மாதம் 1,700 வெள்ளி வாங்குகிறவனுக்கு அது 30 வெள்ளிக்குள் அடங்கும். தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பையனுக்காக நாங்கள் மூன்று மாதம் அலைந்தோம். கைப்பேசியில் வந்த செய்திகளைக் காட்டித்தான் அவன் வேலைக்காரன் என்பதையே நிரூபிக்க வேண்டியதாயிற்று!

சரி, முதலாளி விழுந்தால்? அவன் பெயர் எவருடைய செக்ரோலிலும் இல்லையே! சுயதொழில் செய்வோருக்கென 2017-ல் ஒரு சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு. 2020-ல் மேலும் பல தொழில்களுக்கு விரிந்தது. அப்போதைய முதல் திட்டத்துக்குச் சந்தா ஆண்டுக்கு 157 வெள்ளி 20 காசு. நாளொன்றுக்கு 45 காசுக்கும் குறைவு. ஒரு தே தண்ணிக்குக்கூடக் காணாது. ஆனால் தானே போய்ப் பதிந்து தானே கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்துக் கட்டும் கிராணி அங்கே இல்லை.

இனி லைசென்ஸ். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. கடைக்கும் விளம்பரப் பலகைக்கும் சிரம்பான் மாநகர் மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். புதிதாக மின்கம்பி இழுப்பது, எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனின் வேலை. ஏர்கோன் மாட்டப் பழகியவன் எல்லாம் அதில் கை வைக்கலாகாது. குளிர்வாயுவுக்குத் தனிச் சட்டவிதி உண்டு. 1999-ல் வந்து 2020-ல் புதுப்பிக்கப்பட்டது. வாயுவைக் கையாள்பவன் சுற்றுச்சூழல் துறை ஏற்ற பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். வேண்டுமென்றே காற்றில் திறந்துவிடுவது குற்றம். பழைய ஆர்-22 வாயு வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும். அதைத் தடுக்க 1987-ல் மாண்ட்ரியலில் செய்த உடன்படிக்கையில் நம் நாடு 1989-ல் சேர்ந்தது. புதிய ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் தீப்பற்றக்கூடியது. பயிற்சி காகிதத்துக்காக மட்டும் அன்று. குழாயில் கசிவு பார்க்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஏற்றினால், உள்ளிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணாதீர்கள். லைசென்ஸ் கதவைத் திறக்கும், நஷ்டத்தைக் கட்டாது. வாடிக்கையாளர் வீட்டுக் கூரை நனைந்து இடிந்தாலோ, நாம் மாட்டிய இயந்திரம் ஒருவர் தலையில் விழுந்தாலோ, அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறது. சிறு கடைக்குச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், பெரிய கட்டடங்களில் அந்தத் தாள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, கவனியுங்கள். பழுதுபார்க்க நம் கடையில் விட்டுப்போன ஐஸ் பெட்டி எரிந்துபோனால், அந்தக் காப்புறுதி வழக்கமாகக் கொடுக்காது. நம் பொறுப்பில் இருக்கும் பிறர் சாமானை அது விலக்கிவைக்கும். கடைக்கு எடுக்கும் தீக்காப்புறுதியில் "வாடிக்கையாளர் பொருள்" என்று சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கும் அப்படியே, தனியாகக் கேட்க வேண்டும். வேனுக்குச் சொந்த உபயோகம் என்று காப்புறுதி எடுத்துவிட்டுச் சாமான் ஏற்றித் தொழில் செய்தால், விபத்து நாளில் கம்பெனி அந்த ஒரு வரியைத்தான் விரல் வைத்துக் காட்டும்.

கூட்டம் முடிந்ததும் பின்வாசல் அருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். பாரம் நிரப்ப வருகிற தம்பிகள் தங்கள் அடையாளக் கார்டோடு, உதவிக்கு நிற்கும் பையனின் கார்டையும் அவன் சேர்ந்த தேதியையும் கொண்டு வாருங்கள். அவனுடைய பாரத்தைத்தான் முதலில் எழுதுவேன்.