காலி அலமாரியும் அண்ணாச்சி கடை நோட்டும்

(மும்பையில் சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலைவாசியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் கடையைப் பற்றிப் பேசுகிறோம்.

லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1982 வேலைநிறுத்தத்திற்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நூல் ஓடிய அந்த மண்ணில் 2001-ல் பிக் பஜார் வந்தது. 2006 முதல் ஜனவரி 26-ஐ 'சப்ஸே சஸ்தா தின்' என்றார்கள். கொடி பார்க்கப் போனவர்களைவிடக் கூடை தூக்கப் போனவர்கள் அதிகம்! நாமும் போனோம், மலிவு என்றால் போகத்தானே வேண்டும்.

2021-22-ல் அதே கடைகளில் அலமாரிகள் காலியாயின. பஞ்சமா? இல்லை, சந்தையில் சரக்கு இருந்தது. பெரிய கடை கடனுக்கு வாங்கி நம்மிடம் ரொக்கத்துக்கு விற்கிறது. 2020 ஊரடங்கில் விற்பனை படுத்தது, கடன் மட்டும் எழுந்து நின்றது. பாக்கி வராதவர்கள் சரக்கை நிறுத்தினார்கள். 24,713 கோடிக்கு வாங்குவதாக 2020 ஆகஸ்டில் ரிலையன்ஸ் அறிவித்தது. அமேசான் குறுக்கே வந்து வழக்காடியது. வழக்கு நடக்கும்போதே, பல கடைகளின் வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருந்த ரிலையன்ஸ் 2022 பிப்ரவரியில் அவற்றை எடுத்துக்கொண்டது. கம்பெனி திவால் வழக்குக்குப் போயிற்று.

கடன் சொல்லி வாங்குவது ஏழைப் புத்தி என்பார்கள். கோடீஸ்வரன் வாங்கினால் அதற்குப் பெயர் வியாபாரம்! நமக்கு நோட்டுப் போட்டுக் கொடுத்தவர் தாராவி அண்ணாச்சிதான். ஊரடங்கில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டால். அதற்காக அவருக்குக் கோயில் கட்ட வேண்டாம். கடைப் பையனுக்கு விடுமுறை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது முதல் தேதிச் சாமான் பட்டியல் போய், கொத்தமல்லிக் கட்டுக்கும் போன். பத்து நிமிடத்தில் வருகிறது. கொண்டுவருவது நம் பிள்ளை. 'பார்ட்னர்' என்று பெயர். லாபத்தில் பங்கு இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இந்தக் கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் இவர்கள் நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. கேட்காமல் நம் கைக்கு எது வந்திருக்கிறது?

1948-ல் நாய்காவில் தொழிலாளர்கள் கூடி அப்னா பஜார் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிதாக இப்போது வேண்டாம். இருபது குடும்பம் சேர்ந்தால் வாஷி மொத்தச் சந்தையில் அரிசி, பருப்பு மூட்டையாக வாங்கிப் பிரிக்கலாம். கணக்கை நாங்கள் எழுதுகிறோம். ரயில்வேயில் செய்வது அந்த வேலைதானே. பைக் ஓட்டும் பிள்ளைகள் கம்பெனி ஐ.டி.யும் மூன்று மாத வருமான விவரமும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்கத்துக்கு வரட்டும். கிடங்கில் சரக்கு எடுத்துக் கட்டும் பெண்பிள்ளைகளும் வரட்டும்.