கடலின் ஆற்றலும் கிணற்றின் அளவும்

(அணைக்கட்டு ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

கடலுக்கு வெகு தொலைவிலுள்ள அணைக்கட்டில் கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு.

கடல் அலையிலும், வெயிலால் சூடேறிய மேல்நீரிலும் ஆற்றல் அடங்கியுள்ளது. ஆனால் அது எங்கும், எக்காலமும் ஒரே அளவில் இருப்பதில்லை. கேரளத்தின் விழிஞ்ஞத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக அறிஞர்களின் முயற்சியால் 1991-ஆம் ஆண்டு 150 கிலோவாட் அலை மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. தென்மேற்குப் பருவத்தில் அலை ஓங்கியது, பின்னர்த் தணிந்தது. மின்சாரமும் அவ்வாறே ஏறி இறங்கிற்று. ஆகையால், ஆண்டு முழுவதும் அலையின் உயரத்தையும், அலைக்கு அலை உள்ள இடைநேரத்தையும் அளந்த பின்னரே நிலையத்தின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.

வெப்ப ஆற்றலுக்கும் இதுவே விதி. மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் சுமார் 20 டிகிரி வேறுபாடு இருந்தால்தான் மின்சாரம் எடுத்தல் பயன் தரும். இதே வேறுபாட்டைக் கொண்டு குடிநீரும் ஆக்கலாம். மேல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, அந்த ஆவியை ஆழ்நீரால் குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும். இலட்சத்தீவின் கவரத்தியில் ஆழ்கடல் கரையை அடுத்தே உள்ளது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அங்கே, சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது.

நமது பாலாற்றுப் படுகையிலோ, தோல் பதனிடும் கழிவால் கிணறு கெட்ட ஊர்கள் பல. புதுக் கிணற்றுக்கோ, குழாய்க்கோ பணம் ஒதுக்குமுன், மழையளவையும், கிணற்றின் நீர்மட்டத்தையும், நீரிலுள்ள உப்பையும் மாதந்தோறும் அளந்து ஊராட்சிப் புத்தகத்தில் பதிந்து வாருங்கள். அளவறியாது செய்த செலவு உவர் நிலத்தில் இட்ட விதையாகும்.