டிராக்டருக்குப் பின்னால் இரண்டு குழாய்: வேண்டுமா, வேண்டாமா?

(ரிச்சர்ட்ஸ் டவுனில் மாலை வகுப்பு நண்பர்களிடம் பேசியது)

 

ரிச்சர்ட்ஸ் டவுனில் டிராக்டர் ஓடுவதில்லை. இங்கே பங்களாக்கள் இருக்கின்றன. மரங்கள் இருக்கின்றன. பூங்கா இருக்கிறது. ஆனால் நம்மில் பலருக்கு ஊரில் நிலம் இருக்கிறது. சிலருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம். சிலருக்கு ஓசூர், மாலூர் பக்கம். இங்கே உழைத்துச் சேர்த்த பணம் அங்கே நிலத்துக்குப் போகிறது. அதனால்தான் இன்று டிராக்டரைப் பற்றிப் பேசுகிறேன்.

சென்ற வாரம் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். "தம்பி, ஊரில் என் மகன் சின்ன டிராக்டர் வாங்கப் போகிறான். பின்னால் வால்வும் குழாயும் வைத்தால் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறாராம். வைக்கலாமா?"

நல்ல கேள்வி. எல்லோரும் சேர்ந்தே யோசிப்போம்.

எண்ணெய் தூக்கும் பாரம்

இதோ, என் கையில் இரண்டு ஊசிக்குழல்கள். ஒன்று சிறியது. ஒன்று பெரியது. நடுவில் ஒரு ரப்பர் குழாய். உள்ளே தண்ணீர். சிறியதை அழுத்துகிறேன். பெரியது மேலே வருகிறது. பெரியதன் பரப்பு பத்து மடங்கு என்றால், தூக்கும் பலமும் பத்து மடங்கு. ஆனால் அது பத்தில் ஒரு பங்கு உயரம்தான் எழும். இந்த உண்மையைச் சொன்னவர் பாஸ்கல். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்தவர்.

டிராக்டரில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். கைக்குப் பதில் பம்ப். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். 150-ஐ 20-ஆல் பெருக்குங்கள். 3,000 கிலோ! காலையில் நம் தெருவுக்குக் குப்பை வண்டி வருகிறதே, அதன் தொட்டி சாய்வதும் இப்படித்தான்.

டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகள் இருக்கும். அவற்றைத் தூக்குவதும் எண்ணெய்தான். இப்படி எண்ணெயால் கலப்பையைத் தூக்கும் முறையை வளர்த்தவர் ஹாரி ஃபெர்குசன். அவருடைய டிராக்டர் 1936-இல் விற்பனைக்கு வந்தது. இன்று சின்ன டிராக்டரிலும் இந்தக் கைகள் உண்டு. 500 முதல் 750 கிலோ வரை தூக்கும் சின்ன டிராக்டர்கள் சந்தையில் இருக்கின்றன. நம் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனமும் பவர் டில்லரோடு சின்ன டிராக்டரும் செய்கிறது.

அப்படியானால் இந்தக் குழாய் எதற்கு?

கைகள் கருவியைத் தூக்கும், இறக்கும். அவ்வளவுதான். சில கருவிகளில் தனியாக ஒரு சிலிண்டர் இருக்கும். அதற்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் டிராக்டரின் பின்னால் குழாய் மாட்டும் இடமும், திறந்து மூட ஒரு வால்வும் வைக்கிறார்கள். கடையில் இதை ஆக்சிலரி வால்வு அல்லது டி.சி.வி. என்பார்கள்.

டிப்பர் டிரெய்லருக்கு ஒரு குழாய் போதும். எண்ணெய் போனால் தொட்டி எழும். எண்ணெயைத் திரும்ப விட்டால் தன் பாரத்தாலேயே இறங்கும். எண்ணெயால் திரும்பும் இரட்டைக் கலப்பைக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்றில் எண்ணெய் போகும். மற்றொன்றில் திரும்பி வரும்.

ஐந்து கலப்பைக்கு இது வேண்டாம். ரோட்டவேட்டருக்கும் வேண்டாம். பி.டி.ஓ. தண்டில் ஓடும் மருந்து தெளிப்பானுக்கும் பொதுவாக வேண்டாம். ராகிக்கு உழவும் மாந்தோப்பில் களை அடிக்கவும் மட்டும்தான் டிராக்டர் என்றால், வால்வு சும்மா துருப்பிடிக்கும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அண்ணன் பழைய சின்ன டிராக்டர் ஒன்று வாங்கினார். டிப்பர் மாட்ட ஆசைப்பட்டார். வழியில் ஒரு பட்டறையில் வால்வு வைத்தார். டிரெய்லர் அழகாகத் தூக்கியது. எல்லோரும் கை தட்டினோம்.

மறுநாள் கலப்பையை மாட்டினார். கைகள் எழவில்லை. ஒரு விரல்கூட எழவில்லை! முதல் மழை பெய்து நிலம் ஈரமாக இருந்த நேரம் அது. பட்டறைக்காரர் வர நான்கு நாள் ஆனது. அதற்குள் வெயிலில் ஈரம் காய்ந்தது. அந்த ஆண்டு விதைப்பு தள்ளிப்போனது. அண்ணன் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தள்ளிப்போகவில்லை.

என்ன தவறு? பம்ப் ஒன்றுதான். அதே எண்ணெய்தான் கைகளுக்கும் போக வேண்டும். புது வால்வு வேலை செய்யாத நேரத்தில் எண்ணெயைக் கைகளுக்கு அனுப்ப ஒரு வழி வேண்டும். அவர் வைத்த வால்வில் அந்த வழி இல்லை. எண்ணெய் நேராகத் தொட்டிக்கே திரும்பிப் போனது.

டிராக்டரோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. அது பரணில் கிடந்தது. அண்ணி அப்போதுதான் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டி வாசித்தார். "வெளி வால்வு பொருத்தும் முன் டீலரிடம் கேட்கவும்" என்று அதில் இருந்தது. ஒரே ஒரு வரி! அண்ணன் தலையில் கை வைத்தார். இப்போது அந்தப் புத்தகம் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

கணக்குப் போடுவோம்

நோட்டை எடுங்கள். வால்வு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கும். அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஒரு டிரெய்லர் எருவைக் கையால் இறக்க இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம். ஆண்டுக்கு 40 நடை என்றால் 80 மணி நேர உழைப்பு. நாளுக்கு 8 மணி வீதம் 10 ஆள் வேலை. ஆள் கூலி 600 ரூபாய் என்றால் 6,000 ரூபாய். நான்கு ஆண்டில் போட்ட பணம் திரும்பும்.

ஆண்டுக்கு 10 நடைதான் என்றால்? 1,500 ரூபாய்தான் மிச்சம். பணம் திரும்ப 16 ஆண்டு! டிப்பர் டிரெய்லரின் விலையோ தனி. அப்போது வாடகை நல்லது. கர்நாடகத்தில் கிருஷி யந்திர தாரே என்ற வாடகை மையங்கள் உண்டு. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்குக் கொடுக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் டிராக்டரில் டிப்பருக்கான துவாரம் ஏற்கெனவே இருக்கிறதா? சிலவற்றில் இருக்கும்.

2. என் கருவிக்கு ஒரு குழாயா, இரண்டா?

3. வால்வு வைத்த பிறகு கைகள் எழுமா? என் கண் முன்னால் கலப்பையை மாட்டித் தூக்கிக் காட்டுவீர்களா?

4. சிலிண்டருக்குள் போகும் எண்ணெய்க்கு ஏற்ப டிராக்டரில் எண்ணெய் போதுமா? என்ன எண்ணெய் ஊற்ற வேண்டும்?

5. இதை வைத்தால் வாரண்டி நீடிக்குமா? அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?

வாய்ச் சொல் காற்றோடு போகும். தாளில் எழுதியது நிற்கும். நீங்களும் வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

உயிருக்கு ஆபத்து உண்டு

கார் டயரில் அழுத்தம் 2 கிலோ அளவுதான். இந்தக் குழாயில் அதைப்போல் பல மடங்கு. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். எண்ணெய் உடம்பில் பாய்ந்தால், காயம் சின்னதாக இருக்கிறதே என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

தூக்கிய டிப்பருக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் போகாதீர்கள். குழாயைக் கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்குங்கள். இன்ஜினை நிறுத்துங்கள். லீவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை விடுங்கள். கழற்றிய வாய்க்கு மூடி போடுங்கள். ஒரு சிட்டிகை மண் போனாலும் பம்ப் கெடலாம்.

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான். "அம்மா, மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எந்தக் கருவிக்கு, ஆண்டில் எத்தனை நாள்? பதில் இருந்தால் வையுங்கள். பதில் இல்லை என்றால் இப்போது வேண்டாம். நல்ல டீலரிடம் பின்னாலும் வைத்துக்கொள்ளலாம்."

அம்மா நோட்டில் அதை எழுதிக்கொண்டார். தன் கையாலேயே எழுதினார். இன்று இரவு மகனுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டப் போகிறாராம்.



யோசிப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்தக் கருவிக்கு எண்ணெய்க் குழாய் வேண்டும்?

2. ஆண்டுக்கு 20 நடை என்றால் எத்தனை ஆண்டில் பணம் திரும்பும்? கணக்குப் போடுங்கள்.

3. உங்கள் வீட்டில் வாசிக்காமல் கிடக்கும் தாள் எது? அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள்.